பம்ப் டிசைனுக்குப் புது டெஸ்க்டாப்: எக்ஸ்870இ மதர்போர்டு வேண்டுமா?

கேள்வி, 2025 ஆகஸ்ட் 9, கோவை நீலம்பூரிலிருந்து

அண்ணா, பம்ப் கம்பெனியில் டிசைன் வேலைங்க. இம்பெல்லர், கேசிங் வரைவேன், சிஎஃப்டியும் (தண்ணீர் ஓட்டத்தைக் கம்ப்யூட்டரில் கணக்கிடுவது) நானே ஓட்ட வேண்டும். புது டெஸ்க்டாப்புக்கு ரைசன் 9 9950எக்ஸ் என்று முடிவாச்சு. காந்திபுரத்தில் ஒரு கடையில், எக்ஸ்870இ போர்டு போட்டால்தான் இந்த ப்ராசஸர் முழு வேகத்தில் ஓடும் என்கிறார்கள். அந்தப் போர்டு விலை கிட்டத்தட்ட ப்ராசஸர் விலைக்கே வருகிறது. ராம் 128 ஜிபி, அதாவது 32 ஜிபி நாலு. கிராபிக்ஸ் கார்டு ஒன்று, எம்.2 எஸ்எஸ்டி இரண்டு. வாங்கலாமுங்களா?

ஆகஸ்ட் 9, இரவு

வேண்டாம்.

அது போர்டுக்கு. ராம் அதைவிடப் பெரிய விஷயம். 32 ஜிபி நாலு போடாதீங்க, 64 ஜிபி இரண்டு வாங்குங்க. ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன். இங்கே சாப்பிடக் கூப்பிட்டு ரொம்ப நேரமாச்சு.

ஆகஸ்ட் 10

முழு வேகத்தில் ஓடாது என்ற பேச்சை முதலில் முடித்துவிடலாம். 9950எக்ஸ் பெட்டியில் 170 வாட் என்று இருக்கும். உண்மையில் சாக்கெட் வழியாக அதற்கு மேலேயும் இழுக்க ஏஎம்டி அனுமதித்திருக்கிறது. கரண்ட் கணக்கில் தொடர்ந்து 160 ஆம்பியர், கண நேரத்துக்கு எகிறினால் 225 ஆம்பியர். எக்ஸ்870இ-க்குக் கீழ்ப்படியில் இருக்கும் நடுத்தர பி850 போர்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்க. ப்ராசஸருக்கு மட்டும் 14 ஃபேஸ் (மின்சாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும் சுற்று), ஒவ்வொன்றும் 80 ஆம்பியர். பெருக்கினால் 1120. கேட்பது 225. பெரிய எக்ஸ்870இ போர்டில் 18 ஃபேஸ், 110 ஆம்பியர் என்று போட்டு 1980 வரை கொண்டுபோவார்கள். அதெல்லாம் திரவ நைட்ரஜன் ஊற்றிப் போட்டி போடுகிறவர்களுக்கு.

காகிதத்தில் பெருக்குவதோடு விட்டுவிடவும் முடியாது. கேம் ஆடுகிறவனுக்கு ப்ராசஸர் முழு லோடில் இருப்பது கொஞ்ச நேரம். சிஎஃப்டி சால்வர் ராத்திரி முழுக்க அதே லோடில் ஓடும். கணபதியில் நண்பர் ஒருவரின் டை பட்டறையில் விஆர்எம்முக்கு (அந்த ஃபேஸ்கள் எல்லாம் சேர்ந்த மின்சாரப் பகுதி) ஹீட்சிங்கே இல்லாத மலிவு போர்டில் பெரிய ப்ராசஸரைப் போட்டு வைத்திருந்தார்கள். காலையில் நன்றாக ஓடும். சித்திரை மதியத்தில் அதே வேலை தவழும். ப்ராசஸர் சூட்டைப் பார்த்தால் ஒன்றும் இல்லை. விஆர்எம் கொதித்து, போர்டே ப்ராசஸரை அடக்கிக்கொண்டிருந்தது. கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றி டேபிள் ஃபேன் வைத்து அந்தக் கோடையை ஓட்டினார்கள்.

ஆகவே பார்க்க வேண்டியது ஃபேஸ் எண்ணிக்கையை அல்ல. விஆர்எம் மேல் கனமான, ஸ்க்ரூ போட்டு முறுக்கிய ஹீட்சிங்க் இருக்கிறதா என்று பாருங்க. மேலே பளபள பிளாஸ்டிக் மூடியும் அடியில் ஒல்லி அலுமினியமுமாக இருந்தால் வேண்டாம். பி850-இல் நடு விலைக்கு மேலே போனால் இது பெரும்பாலும் கிடைத்துவிடும். பி840 என்று ஒன்று பக்கத்தில் நிற்கும், பெயரைப் பார்த்து ஏமாறாதீங்க. அதில் ப்ராசஸர் வேகத்தைக் கூட்டும் ஓவர்கிளாக் கிடையாது, சிப்செட் (போர்டின் துணைச் சில்லு) வழி வருவது பழைய, மெதுவான பிசிஐஇ 3.0 மட்டும்.

ஆகஸ்ட் 10, சாயங்காலம்

ராம்.

9950எக்ஸுக்கு ஏஎம்டி எழுத்துப்பூர்வமாக உறுதி தரும் வேகம் இரண்டு ராமுக்கு 5600, நாலு ராமுக்கு 3600 (நொடிக்கு இத்தனை மில்லியன் தடவை தரவு போகும்). ராமுக்கும் ப்ராசஸருக்கும் நடுவே உள்ள பாதைதான் சேனல், ஒரு சேனலுக்கு ஒரு தடவைக்கு 8 பைட். சேனல் இரண்டு. 5600-ஐ 16-ஆல் பெருக்கினால் நொடிக்கு 89.6 ஜிபி. 3600 என்றால் 57.6 ஜிபி. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போச்சு. நாலு ஸ்லாட் இருந்தாலும் சேனல் இரண்டுதான் என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

கேமுக்கோ டேலிக்கோ இது பெரிதாகத் தெரியாது. சிஎஃப்டிக்குத் தெரியும். சால்வர் லட்சக்கணக்கான செல்களை (ஓட்டத்தைப் பிரித்த குட்டிக் கட்டங்கள்) ஒவ்வொரு சுற்றிலும் ராமிலிருந்து இழுத்து, கணக்குப் போட்டு, திரும்ப எழுதுகிறது. ராம் கொடுக்கும் வேகம் தீர்ந்துபோனால் 16 கோரும் வரிசையில் நிற்கும். கோர் எண்ணிக்கையை 8, 12, 16 என்று மாற்றி மாற்றி உங்கள் பழைய சிஎஃப்டி கேஸ் ஒன்றை ஓட்டிப் பாருங்க, ஒரு கட்டத்துக்கு மேல் நேரம் குறையவே குறையாது.

நாலு ராமையும் 6000-இல் ஓட்டுகிறேன் என்று சொல்கிறவர்கள் உண்டு. பயாஸ்கள் (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை சாஃப்ட்வேர்) தேறிவிட்டன, ஓடலாம். ராத்திரி ஓட்டிய கேஸ் விடியற்காலையில் நின்று போனால் அது மெஷ் தப்பா, பவுண்டரி கண்டிஷன் தப்பா, ராம் தப்பா என்று தேடிக்கொண்டிருக்க உங்களுக்கு நேரம் இருக்கிறதா? எனக்கு இல்லை.

இரண்டு ராம் போடும்போது ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்.

ஆகஸ்ட் 12

எக்ஸ்870இ-யில் அந்த 'இ' எதற்கு என்று கேட்டிருக்கிறீங்க.

ப்ராசஸரிலிருந்து வருவது 28 பிசிஐஇ லேன், அதாவது கார்டுகளும் எம்.2-வும் பேசும் பாதை. 16 கிராபிக்ஸ் கார்டுக்கு. மீதியில் நாலு நாலாக எம்.2-வுக்கும் யுஎஸ்பி4 போன்றவற்றுக்கும் போகும். கடைசி நாலு சிப்செட்டுக்கு. பி850, எக்ஸ்870 இரண்டிலும் சிப்செட் சில்லு ஒன்று. எக்ஸ்870இ-யில் அதே வகைச் சில்லு இரண்டு, ஒன்றின் வாலில் இன்னொன்று. அதனால் சாட்டா, யுஎஸ்பி, கூடுதல் எம்.2 எல்லாம் நிறையக் கிடைக்கும். ஆனால் அந்த இரண்டு சில்லும் ப்ராசஸரோடு பேசுவது அதே நாலு லேன் வழியாக, அதுவும் பிசிஐஇ 4.0-இல். நொடிக்கு 8 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. போர்வெல்லில் ஒன்றேகால் இன்ச் குழாய் இறக்கிவிட்டு மேலே பத்து டேப் வைத்த கதை. எல்லா டேப்பையும் ஒரே நேரத்தில் திறக்காத வரை குறை தெரியாது.

எக்ஸ்870-க்கும் எக்ஸ்870இ-க்கும் யுஎஸ்பி4 கட்டாயம் என்பது ஏஎம்டி வைத்த விதி. அதற்கு நாலு லேன் போய்விடுகிறது. சில எக்ஸ்870 போர்டுகளில் இரண்டாவது எம்.2 போட்டால் யுஎஸ்பி4 பாதி வேகத்துக்கு இறங்கும், இல்லை அணைந்துவிடும். சில எக்ஸ்870இ போர்டுகளில் இரண்டாவது ஜென்5 (பிசிஐஇ 5.0) எம்.2-வில் கார்டு போட்டால் கிராபிக்ஸ் ஸ்லாட் 16-இலிருந்து 8-க்கு இறங்கும். அதிகக் காசு கொடுத்து வாங்கிய போர்டில் இப்படி நடப்பதுதான் வேடிக்கை. இன்றைய கிராபிக்ஸ் கார்டுக்கு 8 லேன் ஜென்5 கிடைத்தாலே நஷ்டம் சொற்பம், அது வேறு விஷயம். தெரிந்து வாங்க வேண்டும்.

இதெல்லாம் பெட்டியின் மேலே இருக்காது. கம்பெனி இணையதளத்தில் மேனுவலை இறக்கி, பிளாக் டயகிராம் இருக்கும் பக்கத்தையும், ஸ்லாட் அட்டவணைக்கு அடியில் பொடி எழுத்தில் இருக்கும் குறிப்பையும் படிங்க. போர்டு வாங்க நான் கொடுக்கும் நேரத்தில் முக்கால்வாசி அந்தப் பொடி எழுத்துக்குத்தான்.

ஆகஸ்ட் 13

ஈரோட்டு அண்ணன், "சிஎஃப்டி என்றால் த்ரெட்ரிப்பர், மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான்" என்று எழுதியிருக்கிறார். கணக்குப்படி அவர் சொல்வது சரி. த்ரெட்ரிப்பர் ஏஎம்டியின் பெரிய வொர்க்ஸ்டேஷன் ப்ராசஸர், அதற்கான டிஆர்எக்ஸ்50 போர்டில் சேனல் நாலு. போன மாதம் வந்த 9000 வரிசை 6400 ராமை எடுக்கும், நொடிக்கு 204.8 ஜிபி. சாதா ராம் போடாது, ரெஜிஸ்டர்டு ராம்தான் வேண்டும். போர்டு, ராம், ப்ராசஸர் மூன்றின் விலையையும் கூட்டிப் பார்த்துவிட்டுத் தம்பியின் முதலாளியிடம் அண்ணனே வந்து பேசட்டும். நான் வெளியே நின்று டீ வாங்கித் தருகிறேன்.

தினமும் சிஎஃப்டி மட்டுமே என்றால் த்ரெட்ரிப்பர் பக்கம் யோசிக்கலாம். வாரத்தில் பாதி நாள் வரைவதும் ட்ராயிங் அனுப்புவதும் என்றால் ஏஎம்5 (9950எக்ஸ் உட்காரும் சாக்கெட்) போதும்.

ஆகஸ்ட் 17

யாரும் கேட்காத ஒன்று. கம்பெனியில் பழைய விஎம்சி, சிஎன்சி லேத் இருக்கிறதா? ப்ரோக்ராம் இன்னும் ஆர்எஸ்232 சீரியல் கேபிளில் போகிறதா? அப்படியானால் போர்டில் காம் ஹெடர் (சீரியல் போர்ட்டுக்கான பின் வரிசை) இருக்கிறதா என்று பாருங்க. பத்துப் பின் இடம், ஒரு பின் இருக்காது. ஆபீஸ் வகைப் போர்டுகளில் இன்னும் வைக்கிறார்கள். வண்ண வண்ண விளக்கு எரியும் உயர்விலைப் போர்டுகளில் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். சிட்கோ பக்கம் ஒரு பட்டறையில் புது கம்ப்யூட்டர் வந்த அன்று, கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டு பின்பக்கத்தைத் தடவித் தடவித் தேடியதைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் பரணிலிருந்து பழைய பென்டியம் பெட்டி இறங்கி வந்தது.

யுஎஸ்பி கன்வர்ட்டரும் ஓடும், எஃப்டிடிஐ சில்லு உள்ளதாகப் பாருங்க. ப்ரோக்ராமை சொட்டுச் சொட்டாக அனுப்பி ஓட்டும் ட்ரிப்ஃபீடில், மலிவு கன்வர்ட்டர் நடுவில் திணறினால் ஜாப் போச்சு.

டாங்கிள் (யுஎஸ்பியில் செருகும் லைசென்ஸ் சாவி) வைத்த சாஃப்ட்வேர் இருந்தால் பின்னால் இரண்டு யுஎஸ்பி 2.0 போர்ட்டாவது இருப்பது நல்லது. கீபோர்டு, மவுஸ், டாங்கிள் மூன்றுக்கும் 10 ஜிபிட் போர்ட்டை வீணாக்க வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 24

இன்டெல் ஏன் பேசவில்லை என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். தம்பி ப்ராசஸரை முடிவு செய்துவிட்டு வந்ததால். 13, 14-ஆம் தலைமுறையில் வோல்டேஜ் ஏறி ப்ராசஸர் சீக்கிரம் தேய்ந்த பிரச்சினைக்கு இன்டெல் 2024 செப்டம்பரில் 0எக்ஸ்12பி மைக்ரோகோடு (பயாஸ் வழியாக வரும் ப்ராசஸர் திருத்தம்) விட்டது, வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது. பழைய எல்ஜிஏ1700 போர்டில் அவற்றை ஓட்டுகிறவர்கள் பயாஸ் அப்டேட் செய்துவிட்டீர்களா என்று பாருங்க. புது கோர் அல்ட்ரா 200 வேறு சாக்கெட், எல்ஜிஏ1851. அதில் அந்தப் பிரச்சினை இல்லை.

ஏஎம்டியும் சுத்தம் இல்லை. 2023 ஏப்ரலில் சில எக்ஸ்3டி ப்ராசஸர்கள் சாக்கெட்டோடு கருகின. எக்ஸ்போ (ராம் வேகத்தைக் கூட்டும் செட்டிங்) போட்டதும் போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜை (ப்ராசஸரில் ராமைக் கவனிக்கும் பகுதிக்குப் போவது) கண்டபடி ஏற்றியதுதான் காரணம். அப்புறம் பயாஸில் 1.3 வோல்ட்டுக்குக் கட்டுப்போட்டார்கள். எந்தப் பக்கம் போனாலும் முதல் வேலை பயாஸ் அப்டேட். அதற்காகவே பின்பக்கம் ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டு வாங்கச் சொல்கிறேன். ப்ராசஸர், ராம் இல்லாமலே பென்டிரைவ் செருகி ஏற்றிவிடலாம். பென்டிரைவ் எஃப்ஏடி32-இல் இருக்க வேண்டும், ஃபைல் பெயரை மேனுவலில் சொன்னபடி மாற்ற வேண்டும். பாதிப் பேர் அந்தப் பெயரில்தான் மாட்டுகிறார்கள்.

கோளாறு எங்கே என்று காட்டும் நாலு குட்டி விளக்கு (ப்ராசஸர், ராம், கிராபிக்ஸ், பூட்) எல்லா நல்ல போர்டிலும் இருக்கிறது. கோளாறை இரண்டு இலக்க எண்ணாகக் காட்டும் டிஸ்ப்ளே இருந்தால் அதற்குக் கொஞ்சம் காசு அதிகம் கொடுக்க நான் தயார். ஆர்ஜிபி வண்ண விளக்குக்கு ஒரு ரூபாய்கூடத் தர மாட்டேன்.

செப்டம்பர் 7

22-ஆம் தேதி ஜிஎஸ்டி மாறுகிறதே, காத்திருக்கலாமா என்று கேள்வி. பெரிய டிவி, ஏசிக்கு 28-இலிருந்து 18. மதர்போர்டு ஏற்கெனவே 18-இல் இருக்கிறது, அப்படியே இருக்கும். காத்திருந்து பலன் இல்லை. கம்பெனி ஜிஎஸ்டி எண்ணில் பில் போடச் சொன்னால் அந்த 18-ஐ இன்புட்டாக எடுத்துக்கொள்ளலாம், தகுதி இருந்தால். ஆடிட்டரைக் கேளுங்க.

செப்டம்பர் 14

மேலே எழுதியதை எல்லாம் திரும்பப் படித்தேன். எக்ஸ்870இ-யே தண்டம் என்பதுபோல் தொனிக்கிறது. தம்பிக்குத் தண்டம். அவிநாசி ரோட்டில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் நண்பர் ஒருவருக்கு நானே அதைத்தான் சொன்னேன். அவருக்கு எம்.2 நாலு, யுஎஸ்பி4-இல் வெளி ட்ரைவ், கேப்சர் கார்டு, 10 ஜிபிட் நெட்வொர்க் கார்டு. பி850-இல் இதெல்லாம் போட இடமே இல்லை. செருகும் சாமான் பட்டியல் நீளமானால் 'இ'. ப்ராசஸர் பெரிது என்பதற்காக 'இ' வேண்டாம்.

செப்டம்பர் 15

திருப்பூர்க்காரர் கேட்ட தூசி விஷயம். பனியன் கம்பெனி, பவர்லூம், ஸ்பின்னிங் மில் பக்கத்தில் வைக்கும் கம்ப்யூட்டருக்குப் போர்டிலேயே குட்டி ஃபேன் உள்ள மாடல் வேண்டாம். பழைய எக்ஸ்570-இல் சிப்செட் மேல் ஃபேன் இருந்தது. பஞ்சு சுற்றி அது கிறீச்சிடுவதைக் கேட்டால் ஏதோ பூச்சி உள்ளே மாட்டியதுபோல் இருக்கும். ஏஎம்5 போர்டுகளில் பெரும்பாலும் அந்த ஃபேன் இல்லை, விஆர்எம்மில் ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்க. கேபினெட்டில் காற்று உள்ளே வரும் பக்கம் கழற்றிக் கழுவும் ஃபில்டர் வேண்டும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்க, சுழல விடாதீங்க.

எர்த்திங். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்கிறது என்றால் போர்டு, எஸ்எம்பிஎஸ் எதையும் குறை சொல்வதற்கு முன் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்க. ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. கோடையில் எர்த் குழி காய்ந்து கிடக்கும், தண்ணீர் ஊற்றினாலே பல இடங்களில் சரியாகிறது. ஐப்பசி இடி மழையில் போவது பெரும்பாலும் நெட்வொர்க் கேபிள் செருகும் லேன் போர்ட். மழை திரண்டால் லேன் கேபிளையும் கழற்றுங்க, ப்ளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது.

அக்டோபர் 2

நேற்று ஆயுத பூஜைக்குக் கேபினெட்டின் முன் ஜாலியில் சந்தனம் பூசி, குங்குமம் வைத்த படம் ஒன்று போட்டிருக்கிறீர்கள். பக்தியைக் குறை சொல்லவில்லை. பக்கத்துத் தகட்டில் வைத்தாலும் சாமி ஏற்றுக்கொள்வார். காய்ந்த குங்குமம் ஃபேன் வழியாக நேராக ராம் ஸ்லாட்டுக்குள் போகும்.

அக்டோபர் 12

தம்பி தீபாவளிக்கு முன்னே வாங்கிவிட்டார். பி850, 64 ஜிபி இரண்டு, காம் ஹெடர் உண்டு. நேற்று ராத்திரி பதற்றத்தோடு செய்தி: "ஃபேன் எல்லாம் சுற்றுது, டிஸ்ப்ளே வரலை, ராம் விளக்கு எரிஞ்சுட்டே இருக்கு, போர்டு போச்சுங்களா?"

கை வைக்காதீங்க, அணைக்காதீங்க, காத்திருங்க என்றேன். டிடிஆர்5-இல் முதல் தடவை போடும்போது போர்டு ராமோடு ஒவ்வொரு சிக்னலாகச் சரிபார்த்துப் பழகும். 128 ஜிபிக்குப் பல நிமிடம் ஆகும், நடுவில் தானே அணைந்து எரியவும் செய்யும். டீ போட்டுக் குடித்து முடிப்பதற்குள் டிஸ்ப்ளே வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் இவ்வளவு நேரம் எடுத்தால் பயாஸில் மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர் என்பதை ஆன் செய்யலாம். அதை ஆன் செய்தபின் ஹேங் ஆக ஆரம்பித்தால் திரும்ப ஆஃப்.

சாக்கெட் மேல் இருந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடியைக் குப்பையில் போடாதீங்க. ஏஎம்4-இல் பின் ப்ராசஸரில் இருந்தது, ஏஎம்5-இல் போர்டில். வாரண்டிக்கு அனுப்பும்போது மூடி இல்லாமல் போய் வழியில் பின் வளைந்தால் அது உங்கள் கணக்கில்தான் எழுதப்படும்.

டிசம்பர் 6

கோபியிலிருந்து ஒருவர் இதே சாமான்களுக்கு விலை கேட்டுவிட்டு, மேலே எழுதியது எல்லாம் சும்மாவா என்கிறார். ராம் விலை ஆகஸ்டில் பார்த்ததைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. ஏஐ சர்வர்களுக்கு மெமரி செய்வதில் லாபம் அதிகம் என்று தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். மைக்ரான், க்ரூஷியல் என்ற பெயரில் கடைகளில் விற்பதையே நிறுத்தப்போவதாக 3-ஆம் தேதி அறிவித்துவிட்டது.

இன்றைக்கு வாங்குகிறவருக்கு என் யோசனை மாறுகிறது. 128-க்கு அடம் பிடிக்காமல், உங்கள் மிகப்பெரிய கேஸ் எவ்வளவு ராம் தின்கிறது என்று டாஸ்க் மேனேஜரில் பார்த்து, 48 ஜிபி இரண்டோ 32 ஜிபி இரண்டோ போதுமென்றால் அதோடு நில்லுங்க. போர்டில் இன்னும் ஒரு படி இறங்கலாம், ஹீட்சிங்க் விஷயத்தில் மட்டும் இறங்காதீங்க. பழைய டிடிஆர்4 பெட்டி நன்றாக ஓடினால் அதையே ஓட்டுவதிலும் வெட்கம் இல்லை. ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையும் அதற்கு மேலும் கொண்டுபோவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது, ஓடி ஒன்றும் போகாது.

பின்னால் இன்னும் இரண்டு ராம் சேர்த்துக்கொள்கிறேன் என்ற திட்டம் மட்டும் வேண்டாம். ஆகஸ்ட் 10 குறிப்பைப் பாருங்க.

டிசம்பர் 14

தம்பியின் காம் பிராக்கெட் வேலை செய்யவில்லையாம், போர்டைச் சந்தேகப்படுகிறார். போர்டில் குறை இருக்காது. பத்துப் பின் ஹெடரிலிருந்து ஒன்பது பின் சாக்கெட்டுக்கு வரும் வயரிங்கில் இரண்டு வகை உண்டு, பார்த்தால் வித்தியாசம் தெரியாது, கடையில் எது கையில் கிடைக்கிறதோ அதைத் தருவார்கள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, வெளிச் சாக்கெட்டின் 5-ஆம் பின்னுக்கும் மேனுவலில் கிரவுண்ட் என்று காட்டியிருக்கும் ஹெடர் பின்னுக்கும் கன்டின்யூட்டி பாருங்க. பீப் வரவில்லை என்றால் மற்ற வகை பிராக்கெட் வாங்க வேண்டும். பீப் வந்தால் பயாஸில் சீரியல் போர்ட் எனேபிள் ஆகியிருக்கிறதா, மெஷினில் வைத்த பாட் ரேட், பாரிட்டியோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்க.